ஏழு மாபிள் தூரம்

எங்கட ஊரில் கூட்டில் வளர்க்கிற சின்னக் கிளிகள் எல்லாத்துக்கும் ஒரே பேர்தான்: லவ் பேர்ட்ஸ். பச்சையோ நீலமோ மஞ்சளோ, சோடியோ தனியோ, கடைக்காரரும் அப்படித்தான் சொல்லுவார், வாங்கிறவையும் அப்படித்தான் சொல்லுவினம். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆபிரிக்காவைச் சேர்ந்த வேறொரு இனம். எங்கட விறாந்தைகளில் அநேகமாகத் தொங்குகிறது பட்ஜரிகார். அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலத்தில் மழையையும் புல் விதையையும் தேடி ஆயிரக்கணக்கில் கூட்டமாகப் பறந்து திரிகிற கிளி அது. 1840இல் ஜோன் கூல்ட் என்ற பறவையியலாளர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து உலகம் முழுக்கக் கூடுகளுக்குள் பரவிவிட்டது. இப்ப கடையில் வாங்குகிற ஒரு பட்ஜரிகாரின் அம்மா, அம்மம்மா, அவவின்ர அம்மம்மா எல்லாரும் கூட்டுக்குள்ளேயே பிறந்து கூட்டுக்குள்ளேயே செத்தவை.

எங்களிட்ட வந்த லவ் பேர்ட்டுக்கு 'லவ்' என்ற சொல்லோட ஒரு தொடர்பும் இருக்கேல்லை.

போன வருசம் மாசி மாதம் எங்கட ஒழுங்கையில் ஒரு குடும்பம் கனடாவுக்கு வெளிக்கிட்டது. இப்ப வெளிக்கிடாத ஆக்கள் ஆர்? சாமான்களை அயலுக்குப் பிரிச்சுக் குடுத்தினம். பிரிஜ் ஒரு வீட்டுக்கு, தையல் மெசின் இன்னொரு வீட்டுக்கு, பூச்சாடிகள் எங்களுக்கு. பூச்சாடிகளைத் தூக்கப் போன தம்பி, கடைசியில் ஒரு துருப்பிடிச்ச கூட்டையும் தூக்கிக்கொண்டு வந்தான். நாலு குருவி இருந்து மூண்டு செத்து, மிஞ்சின ஒண்டு. ஒருத்தரும் கேக்கேல்லையாம், அதால இவன் கேட்டிருக்கிறான்.

அம்மா வாசலிலேயே மறிச்சா. "உயிரொண்டும் இந்த வீட்டில வளர்க்கிறேல்லை எண்டு உனக்குத் தெரியும்தானே? நான் பாக்கமாட்டன். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

எங்கட வீட்டில் நாய், பூனை, கோழி எதுவுமே இருந்ததில்லை. அது அம்மாவின் சட்டம். ஏன் எண்டு நாங்கள் கேட்டதுமில்லை. தம்பி கூட்டைக் கீழ வைக்காமல் அப்படியே நிண்டான். "நானும் அக்காவும் பாப்பம்" எண்டான். அந்த நேரம் அவன் கச்சான் சாப்பிட்டுக்கொண்டு நிண்டதால் குருவிக்குக் கச்சான் எண்டே பேர் வந்தது. வேறு காரணம் ஒண்டும் இல்லை.

கச்சான் பச்சை நிறம், தலை மஞ்சள். சொண்டுக்கு மேலே இருக்கிற தோல் நீலமாக இருந்தது. வளர்ந்த பட்ஜரிகாரில் அது ஆணுக்கு அடையாளம். வால் சிறகு இரண்டு முறிந்திருந்தது. பறந்து போகாமல் இருக்க முந்தின வீட்டில் செட்டையைக் கத்தரிச்சிருந்தினம், ஒரு பக்கம் கூட, மற்றப் பக்கம் குறைய. பறக்க வெளிக்கிட்டால் ஒரு பக்கமாகச் சுழன்று விழும். அந்த வீட்டுச் சின்னனுகள் கூட்டுக்குள் கையை விட்டுப் பிடிச்சு விளையாடுறவையாம். அவை கொடுமைக்காரர் இல்லை. கிளி எண்டால் கையில் ஏறி நிக்கவேணும், ஏறாவிட்டால் பிடிச்சு ஏத்தவேணும் எண்டுதான் எங்களில் கனபேர் நினைக்கிறம்.

பயம் எப்படி இருக்கும்

கச்சான் வந்த முதல் கிழமை நான் கவனிச்சது இதுதான்: பயந்த குருவி எப்பவும் சத்தம் போடாது. நாங்கள் கிட்டப் போனால் அது சிறகுகளை உடம்போடு இறுக்கி, நீட்டி, மெலிந்து, ஒரு தடி மாதிரி நிக்கும். அசையாது. "பாருங்கோ, எவ்வளவு சாதுவா நிக்குது" எண்டு பக்கத்து வீட்டு அன்ரி சொன்னா. அது சாதுத்தனம் இல்லை. அசைந்தால் பிடிபடுவம் எண்டு நினைக்கிற உயிர் செய்கிற கடைசி வேலை. இன்னும் ஒரு அடி கிட்டப் போனால் கூட்டின் கம்பிகளில் அடிபட்டுச் சிதறும், பிறகு சொண்டைத் திறந்து மூச்சு வாங்கும்.

முப்பது, நாப்பது கிராம் நிறையுள்ள உயிர் அது. கண் இரண்டும் தலையின் இரண்டு பக்கத்திலும் இருக்கும், நாலு பக்கமும் பார்த்துத் தப்புவதற்கு. பருந்துக்கும் பூனைக்கும் எங்களுக்கும் கண்கள் முன்பக்கம். இரண்டு கண்ணாலும் நேரே உற்றுப் பார்க்கிறது வேட்டைக்காரரின் பார்வை. மேலே இருந்து இறங்கி வருகிற கை பருந்தின் கால். நாங்கள் அன்பாகக் குனிஞ்சு பார்த்து, அன்பாகக் கை நீட்டுறம். குருவிக்குத் தெரிகிறது அந்த இரண்டும்தான்.

எங்கட விறாந்தையில் ஒன்றரை அடி மாபிள் பதிச்சிருக்கு. தம்பி ஒரு சோக்குக் கட்டியை எடுத்து, கூட்டில் இருந்து ஒவ்வொரு மாபிளாக எண்ணினான். நான் கதிரையோடு ஒவ்வொரு மாபிளாகப் பின்னுக்குப் போனன். ஏழாவது மாபிளில் போய் இருந்தபோதுதான் கச்சான் சிறகைத் தளர்த்தி, தலையைத் திருப்பி, ஒரு விதை எடுத்துக் கொறிச்சது. ஏழு மாபிள், பத்தரை அடி. அதுதான் அதின்ர நம்பிக்கையின் எல்லை. அங்கயிருந்து தொடங்குவம் எண்டு முடிவெடுத்தம்.

வீட்டுக்கு வந்த ஆலோசனைகள்

அன்ரி சொன்னது: "திறந்து விடு பிள்ளை. புண்ணியம்."

இதை அவ மட்டும் சொல்லேல்லை, வட்ஸ்அப்பில் படம் போட்டால் பத்தில் நாலு பேர் இதைத்தான் சொல்லுவினம். கேட்க அழகாக இருக்கும். ஆனால் இது எங்கட காட்டுக் கிளி இல்லை. இதுக்கு இஞ்ச கூட்டம் இல்லை, எந்த விதை எங்க இருக்கு எண்டு தெரியாது, காகத்தையும் வல்லூறையும் எதிர்கொண்ட பழக்கமில்லை, செட்டையும் இல்லை. திறந்து விட்டால் அண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் உயிரோட இருக்கிறதே பெரிய விசயம். புண்ணியம் எங்களுக்கு, சாவு அதுக்கு.

என்ர பட்ச் பெடியன் ஒருத்தன் யூரியூப் வீடியோ ஒண்டு அனுப்பினான். ஒரே நாளில் குருவியைப் பழக்கிறது எப்படி எண்டு. துவாயால் சுத்திப் பிடிச்சு, அடங்கும் வரைக்கும் கையில் வைச்சுத் தடவிக்கொண்டே இருக்கவேணுமாம். வீடியோவில் குருவி உண்மையில் அடங்குது. ஆனால் அந்த அடக்கம் என்ன?

1967இல் மார்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் எண்ட இரண்டு உளவியலாளர்கள் நாய்களை வைச்சுச் செய்த பரிசோதனை ஒண்டு வெளிவந்தது. தப்பவே முடியாதபடி மின்னதிர்ச்சி குடுக்கப்பட்ட நாய்களைப் பிறகு தப்பக்கூடிய இடத்தில் விட்டினம். அவற்றில் பெரும்பாலானவை தப்ப முயற்சிக்கவே இல்லை, படுத்துக் கிடந்து தாங்கின. 'கற்றுக்கொண்ட இயலாமை' எண்டு அதுக்குப் பேர் வைச்சினம். துவாய்க்குள் அடங்கின குருவியைப் பார்க்கிறபோது எனக்கு அந்த நாய்கள்தான் நினைவில் வந்தது. அது பயத்தை விடேல்லை, முயற்சியை விட்டிட்டுது.

இன்னொரு விசயமும் இருக்கு. குருவிகளுக்கு எங்களைப் போல உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. உடம்பைச் சுத்தி இறுக்கிப் பிடிச்சால், கழுத்தைத் தொடாமலே மூச்சை நிப்பாட்டலாம். 'அன்பாகப் பிடிச்சன், கையிலேயே செத்துப்போச்சு' எண்ட கதைகள் கன வீட்டில் இருக்கு.

கிளி சாத்திரக்காரரின் கிளியை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறம். கூட்டைத் திறந்தால் வெளியில வரும், அட்டையை எடுக்கும், ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு தானாகவே உள்ளே போகும். சின்ன வயதில் அது எனக்குப் பெரிய அதிசயம். செட்டை வெட்டின கிளிக்குப் போக வேறு இடம் இல்லை எண்டது பிறகுதான் விளங்கும். கீழ்ப்படிவும் நம்பிக்கையும் வெளியால் பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும். இல்லை எண்டு சொல்ல அதுக்கு வழி இருக்கோ எண்டு பார்த்தால்தான் எது எதெண்டு தெரியும்.

அலெக்ஸ் எண்ட ஆபிரிக்கச் சாம்பல் கிளியைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பியள். ஐரீன் பெப்பர்பேர்க் எண்ட ஆய்வாளர் 1977இல் ஒரு செல்லப்பிராணிக் கடையில் வாங்கி, 2007இல் அது சாகும் வரைக்கும் முப்பது வருசம் அதோட வேலை செய்தவ. நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் அது சொல்லும் எண்டதுதான் பிரபலம். எனக்குப் பிடிச்சது வேறு. பயிற்சி அலுத்துப்போனால் அது ஆங்கிலத்தில் 'திரும்பிப் போகவேணும்' எண்டு சொல்லுமாம். கச்சானுக்கு இங்கிலிசும் தெரியாது, தமிழும் தெரியாது. அதின்ர 'வேண்டாம்' சிறகை இறுக்கிறது. அதை ஒரு வசனமாக எடுத்து, அப்பவே நிப்பாட்டிறது எண்டு நானும் தம்பியும் ஒரு ஒப்பந்தம் செய்தம்.

தொல்காப்பியம் கேட்ட குருவி

கூட்டை விறாந்தையின் மூலைக்கு மாத்தினம், இரண்டு பக்கம் சுவர் வருகிற மாதிரி. நாலு பக்கமும் திறந்த இடத்தில் தொங்கினால் நாலு பக்கமும் காவல் காக்கவேணும், பாவம். உயரம் எங்கட கண் மட்டத்துக்கு. மூன்றாவது பக்கத்தில் அப்பாவின் பழைய சாரம் ஒண்டைப் போட்டம், ஒளிய வேணுமெண்டால் ஒளிய. குசினிக்குக் கிட்ட வைக்கேல்லை. மிளகாய் வறுக்கிற புகையே எங்களுக்குத் தாங்காது. நொன்ஸ்ரிக் சட்டி அளவுக்கு மிஞ்சிச் சூடானால் வருகிற ஆவி எங்களுக்கு மணக்காது, ஆனால் குருவியைக் கொல்லும். நுளம்புத்திரியையும் விறாந்தையில் இருந்து எடுத்தாச்சு. இதில் அதிகம் கஷ்டப்பட்டது நான்தான்.

கலைப்பீடத்தில் தமிழ் சிறப்புக்கலை, மூன்றாம் வருசம். வாசிக்கக் கிடந்தது மலை அளவு. அதால ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்து மணிக்கு, ஏழாவது மாபிளில், கூட்டுக்குப் பக்கவாட்டாகத் திரும்பி இருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினன். குருவியைப் பார்க்கிறேல்லை. ஒரே நேரம், ஒரே கதிரை, ஒரே குரல். தொல்காப்பியம் எழுத்ததிகாரம் முழுக்க இரண்டு தரம் கேட்ட ஒரே பட்ஜரிகார் இலங்கையில் கச்சானாகத்தான் இருக்கும். தம்பி அதைக் 'குருவியை நித்திரையாக்கிற முறை' எண்டு சொல்லுவான்.

கச்சான் சாப்பிட்டால் அடுத்த நாள் அரை மாபிள் முன்னுக்கு. சிறகை இறுக்கினால் அரை மாபிள் பின்னுக்கு. அவ்வளவுதான் முறை. முதல் கிழமை முடிய ஆறு. மூன்றாம் கிழமை நாலு. நாலாவது மாபிளில் இருந்த ஒரு நாள் அது தன்ர இறகைக் கோதத் தொடங்கினது. நான் அசையாமல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தன். இறகைக் கோதும்போது குருவி கொஞ்ச நேரம் காவலை விடும். ஆபத்து எண்டு நினைக்கிற இடத்தில் அது கோதாது. பிறகொரு நாள் ஒரு காலைத் தூக்கி வயித்துக்குள் வைச்சுக்கொண்டு, சொண்டைக் கிரீச் கிரீச் எண்டு உரசினது. நித்திரைக்கு முதல் நிம்மதியாக இருக்கிற குருவி செய்கிற வேலை அது. தம்பி பேப்பரில் நாளையும் மாபிளையும் எழுதி, பக்கத்தில் 'கால்' எண்டு குறிச்சான்.

சாப்பாட்டையும் மெல்ல மாத்தவேண்டியிருந்தது. முந்தின வீட்டில் காய்ந்த விதை மட்டும்தான். விதை மட்டும் சாப்பிடுகிற குருவிக்கு விற்றமின் ஏ குறையும். ஊர் மிருக வைத்தியரிட்ட ஆடும் மாடும்தான் கூட வருது. எண்டாலும் அவர் பொறுமையாகப் பார்த்து, கீரையைப் பழக்கச் சொன்னார். பொன்னாங்காணியையும் முருங்கை இலையையும் கழுவி ஈரத்தோடு கம்பியில் செருகினம். பதினொரு நாள் திரும்பியும் பார்க்கேல்லை. பன்னிரண்டாம் நாள் முருங்கை இலையில் இருந்த தண்ணியைக் குடிச்சது. அடுத்த நாள் இலையையே சாப்பிட்டது. அவகாடோவும் சொக்கலேற்றும் மட்டும் குருவிக்கு நஞ்சு, மறந்தும் குடுக்கக்கூடாது.

விசேசச் சாப்பாடு தினை. கச்சானுக்குத் தினை எண்டால் உயிர். அதை வழமையான கோப்பையில் போடுறதை நிப்பாட்டி, நாங்கள் கிட்ட இருக்கும்போது மட்டும் குடுத்தம். கையை நீட்டினால் அது பயப்படும், அதால அம்மாவின் சிரட்டை அகப்பை ஒண்டை எடுத்தம். முதல் ஐந்து நாள் அகப்பை சும்மா மேசையில் கிடந்தது, பார்த்துப் பழக. பிறகு அதில் தினையைப் போட்டு, காம்பின் கடைசி நுனியில் பிடிச்சு, கூட்டு வாசலில் வைச்சுக்கொண்டு இருப்பன். கை உளையும். சாப்பிட்டால் அடுத்த நாள் என்ர விரல் ஒரு விரற்கடை முன்னால் போகும்.

எங்கட சங்க இலக்கியத்தில் தினைப்புனத்துக்கும் கிளிக்கும் நடுவில் எப்பவும் ஒரு பெண் நிப்பா, தட்டையும் தழலும் குளிரும் கையில் வைச்சுக்கொண்டு கிளி ஓட்டுறதுக்கு. வள்ளியும் அதைத்தான் செய்தவ. நான் குறிஞ்சித்திணை நோட்ஸை மடியில் வைச்சுக்கொண்டு, அதே தினையை அகப்பையில் ஏந்தி, ஒரு கிளி வராதோ எண்டு பார்த்துக்கொண்டிருந்தன். வகுப்பில் சொன்னால் சிரிப்பினம்.

சித்திரை வெடி

சித்திரை வருசப் பிறப்புக்கு முதல் நாள் இரவு ஒழுங்கை முழுக்கச் சீனவெடி. கச்சான் அந்த நேரம் அகப்பைக் காம்பின் பாதி வரைக்கும் வந்திருந்தது. முதல் கட்டு வெடிச்சவுடன் இருட்டுக்குள் கூட்டில் அடிபடுகிற சத்தம் கேட்டது. இருட்டில் பயந்த குருவிக்குக் கம்பி எங்க, தடி எங்க எண்டு தெரியாது. நான் ஓடிப்போய்ச் சின்ன லைற்றைப் போட்டன். சிறகு ஒண்டு உடைஞ்சு இரத்தம் வந்திருந்தது. கிட்டப் போகவும் ஏலாது, விட்டிட்டுப் போகவும் ஏலாது. நாலாவது மாபிளில் தரையில் இருந்தன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தா. வெடிச் சத்தத்துக்கு அம்மா எப்பவும் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிறவ. அண்டைக்கு வெளியில வந்தா.

"சும்மா இராதை. ஏதாவது கதை. வாசி," எண்டா. "பங்கருக்குள்ள ஒருத்தர் கதைச்சுக்கொண்டிருந்தால்தான் மற்றாக்களுக்கு மூச்சு வரும். என்ன கதைக்கினம் எண்டது முக்கியமில்லை."

புத்தகம் உள்ளே இருந்தது. அதால அம்மாவே கதைச்சா. குருவியைப் பார்த்து இல்லை, சுவரைப் பார்த்து.

95 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்டபோது அம்மாவுக்குப் பதினாறு வயது. வீட்டில் ஒரு பச்சைக்கிளி இருந்ததாம். கொண்டுபோக ஏலாது. அம்மம்மா மாட்டை அவிட்டு விட்டு, கோழிக்கூட்டைத் திறந்து விட்டு, கடைசியாகக் கிளிக்கூட்டையும் திறந்து விட்டவவாம். மாடு போனது. கோழி போனது. கிளி வெளியில வரேல்லை. ஆறு வருசம் கூட்டுக்குள்ளேயே நிண்ட கிளி. "கதவைத் திறந்தால் காணும் எண்டு நினைச்சம். அது தடியில நிண்டு என்னைப் பாத்துக்கொண்டே நிண்டது. அம்மா இழுத்துக்கொண்டு போட்டா." அடுத்த வருசம் திரும்பி வந்தபோது கூடு முற்றத்தில் நசிஞ்சு கிடந்ததாம். என்ன நடந்தது எண்டு தெரியாது. பறந்திருக்கலாம். அம்மா அப்படி நினைக்கிறேல்லை.

இருபத்தொரு வருசமாக நான் இந்த வீட்டில் இருக்கிறன். இந்தக் கதையை அண்டைக்குத்தான் முதல் தரம் கேட்டன். நான் ஒண்டும் சொல்லேல்லை, என்ன சொல்லுறது எண்டும் தெரியேல்லை. வெடி பன்னிரண்டு மணி வரைக்கும் கேட்டது. அம்மா அதுவரைக்கும் கதைச்சுக்கொண்டிருந்தா. கிளிக்கு என்ன பேர், என்ன சாப்பாடு, பக்கத்து வீட்டு நாய் எப்படி, சாவகச்சேரியில் மழை எப்படி. கச்சானின் இரத்தம் தானாக நிண்டது.

அடுத்த நாள் திரும்ப ஐந்தாவது மாபிள். தம்பிக்குக் கவலை. பேப்பரில் கோடு கீழ இறங்கினது. ஆனால் இரண்டாம் தரம் அந்தத் தூரத்தைக் கடக்க ஐந்து கிழமை தேவைப்படேல்லை, பத்து நாள் காணுமாக இருந்தது. நம்பிக்கை உடைஞ்சால் முதலில் இருந்து தொடங்கவேணும் எண்டு சொல்லுவினம். கச்சானின் விசயத்தில் அப்படி நடக்கேல்லை. அது ஏற்கனவே படிச்சது எங்கேயோ கிடந்திருக்கு.

இப்ப

ஆனி மாதம் கச்சான் என்ர உள்ளங்கையில் இருந்து தினை சாப்பிட்டது. கையை நான் அசைக்கேல்லை, அது தானாக விளிம்பில் ஒரு காலை வைச்சு, எடுத்து, திரும்ப வைச்சு, பிறகு இரண்டு காலையும் வைச்சது. ஆவணியில் பழைய இறகுகள் ஒவ்வொண்டாக விழுந்து செட்டை முழுதாக வளர்ந்தது. கத்தரிச்ச இறகு நிரந்தரமாகப் போறதில்லை, இறகு மாத்தும்போது புதுசு வரும். யன்னல்களுக்கு வலை அடிச்சு, பின்னேரம் ஒரு மணித்தியாலம் கூட்டைத் திறந்து விடத் தொடங்கினம். முதல் மூண்டு நாள் அது வெளியில வரேல்லை. அம்மா அந்த மூண்டு நாளும் விறாந்தைப் பக்கம் வரேல்லை. நாலாம் நாள் கூட்டுக்கு மேல ஏறினது. ஐந்தாம் நாள் திரைச்சீலைத் தடிக்குப் பறந்தது.

வீடியோக்களில் வருகிற மாதிரி கச்சான் தோளில் இருந்து முத்தம் குடுக்கிறேல்லை. மேலே இருந்து கை வந்தால் இப்பவும் விலகும். தலையைத் தடவ விடாது, நாங்கள் கேட்கிறதும் இல்லை. வேணுமெண்டால் வரும், வேண்டாமெண்டால் திரைச்சீலைத் தடியில் நிண்டு சத்தம் போடும். இதுக்குப் பேர் பழகின குருவியோ எண்டு அன்ரி கேட்டா. அது இப்ப எங்களுக்கு முன்னால சத்தம் போடுது, கோபப்படுது, முதுகைக் காட்டிக்கொண்டு நித்திரை கொள்ளுது. எனக்கு அது காணும்.

உங்களிட்டையும் இப்படி ஒண்டு வரலாம். ஆக்கள் போகப் போக வீடுகளில் மிஞ்சிற உயிர்கள் கூடிக்கொண்டுதான் போகுது. வந்தால் முதல் கிழமை ஒண்டும் செய்யாதேங்கோ. தண்ணி, சாப்பாடு, அமைதியான மூலை, பத்துப் பன்னிரண்டு மணித்தியால இருட்டு, அவ்வளவும் காணும். உப்பிக்கொண்டு கூட்டின் அடியில் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் வைத்தியரிட்டக் கொண்டு போங்கோ, ஏனெண்டால் குருவி வருத்தத்தைக் கடைசி வரைக்கும் மறைக்கும். பிறகு அது எந்தத் தூரத்தில் சாப்பிடுதோ, அங்க போய் இருங்கோ.

எனக்கு இன்னும் விடை தெரியாத கேள்வி ஒண்டு இருக்கு. பட்ஜரிகார் நல்லாப் பார்த்தால் ஐந்து தொடக்கம் எட்டு வருசம், சிலது பத்து வருசமும் இருக்கும். எனக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருசம். பிறகு கொழும்போ, வெளிநாடோ, மேற்படிப்போ, எனக்கே தெரியாது. என்ர பட்சில் பாதிப்பேர் இப்பவே ஐஈஎல்ரிஎஸ் வகுப்புக்குப் போகினம். ஒரு உயிரின் பயத்தை அரை மாபிள் அரை மாபிளாகக் குறைச்சுப்போட்டு, பிறகு சூட்கேசைத் தூக்கிறது என்ன நியாயம்? பயத்தோடயே விட்டிருந்தால் என்னைத் தேடியிருக்காது. முந்தின வீட்டுக்காரரும் ஒரு காலத்தில் ஆசையாகத்தானே நாலு குருவியை வாங்கியிருப்பினம்.

போன கிழமை இதை அம்மாவிட்டக் கேட்டன். அம்மா விறாந்தையில் இருந்து கீரை ஆய்ஞ்சுகொண்டிருந்தா. பொன்னாங்காணியில் நல்ல தளிர்களை ஒரு பக்கமாக எடுத்து வைச்சுக்கொண்டே சொன்னா:

"போறதெண்டால் போ. நான் ஒண்டும் மறிக்கேல்லை. ஆனால் உது கூட்டமா இருக்கிற சாதியெண்டு நீதானே சொன்னனீ. போக முதல் அதுக்கொரு சோடி வாங்கித் தந்திட்டுப் போ."